திரு இருதயப் படத்துக்குப் பின்னால் இருந்த அடைவுத் துண்டு

மட்டக்களப்பு மாவட்டத்தில் கல்லாற்றுப் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். கணவர் கத்தாரில். இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவளுக்கு 14, இளையவளுக்கு 9. இளையவளுக்கு இந்த வருடம் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். மண்டபம் எடுத்துச் செய்யச் சொல்லிச் சொந்தக்காரர் நிற்கிறார்கள். மூத்தவள் போன் கேட்கிறாள். அவளுக்கென்று தொடங்கிய வீடு லிண்டல் மட்டத்தில் நிற்கிறது. பிரிட்ஜ் தவணையில் வந்தது. மகளிர் குழுவில் இரண்டு லோன் எடுத்திருக்கிறார். இரண்டாவது லோன் கணவருக்குத் தெரியாது. கேள்வியை அவர் சொன்னபடியே தருகிறேன்: "எல்லாத்துக்கும் வேண்டாம் எண்டு சொன்னால் பிள்ளைகள் கோயிலையே வெறுத்திடுங்கள் போல கிடக்கு. ஓம் எண்டு சொன்னால் கடன். இந்தக் காலத்தில விசுவாசத்தோட குடும்பம் நடத்த ஏலுமா ஐயா?"

மகள், ஏலும். ஆனால் வழக்கமாகச் சொல்கிற பதிலை நான் சொல்லப் போவதில்லை. நுகர்வுக் கலாசாரம், டீவி விளம்பரம், வெளிநாட்டு மோகம் என்று பிரசங்கங்களில் திட்டுவதைக் கேட்டிருப்பீர்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். நான் 31 வருடம் கூட்டுறவுக் கிராமிய வங்கி ஒன்றில் கடன் மேசையில் இருந்தவன். அந்த மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தவர்களில் பேராசை பிடித்து வந்தவர் மிகக் கொஞ்சம். மகளுடைய சடங்குக்கு, மகனுடைய மோட்டார் சைக்கிளுக்கு, அம்மாவின் 31ஆம் நாள் சாப்பாட்டுக்கு என்றுதான் வந்தார்கள். பாசம் ஒரு பக்கம் இழுக்கும், நாலு சனத்துக்கு முன்னால் குறைந்துபோகக் கூடாதென்ற வெட்கம் மறுபக்கம் தள்ளும். கடைக்காரருக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் பிரிட்ஜ் விளம்பரத்தில்கூட ஒரு பிள்ளை சிரித்துக்கொண்டு நிற்கிறது.

எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லுகிறேன்.

என் அம்மா தாண்டவன்வெளிக் கத்தோலிக்கப் பெண். அப்பா மெதடிஸ்த, பள்ளிக்கூட வாத்தியார். அந்தக் காலத்தில் அப்படி ஒரு கலியாணம் லேசான காரியமில்லை, அது வேறு கதை. எனக்குப் புதுநன்மை 1966இல். வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சேட்டு, கன்வஸ் சப்பாத்து, ரிபன் கட்டிய மெழுகுதிரி, டவுனில் ஸ்டூடியோவில் ஒரு படம். பெரியம்மா மகனுக்குச் செய்ததைவிட ஒரு பிடி கூடவே செய்தார் அம்மா. காசு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

அந்த வருடம் நத்தாருக்கு அப்பா ஹோலுக்குச் சுண்ணாம்பு அடித்தார். திரு இருதய ஆண்டவர் படத்தைக் கழற்றியபோது பின்னாலிருந்து நாலாக மடித்த கடதாசி ஒன்று விழுந்தது. அடைவுத் துண்டு, நகை அடகு வைத்ததற்கான சீட்டு. அம்மாவின் ஒரு சோடி காப்பு. அம்மா குசினிக்குள் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தார். அப்பா ஒன்றும் பேசாமல் துண்டை எடுத்து, சாப்பாட்டு மேசையில் உப்புப் போத்தலுக்குக் கீழே வைத்துவிட்டுப் போய் மற்றச் சுவரை அடித்தார். அன்றைக்கு இராச்சாப்பாட்டில் எல்லோரும் அந்தப் போத்தலைச் சுற்றிக் கை நீட்டித்தான் கறி எடுத்தோம்.

இரவு செபம். அம்மா செபமாலை சொல்லும்போது அப்பா கதிரையில் சும்மா இருப்பார். கர்த்தருடைய செபம் வந்தால் மட்டும் சேர்ந்துகொள்வார், அதுவும் தன்னுடைய வேதாகமத்தில் இருக்கிறபடி. அம்மா பக்கத்தில் "எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பதுபோல" என்று போகும். அப்பா பக்கத்தில் "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்று வரும். வருடக்கணக்காக இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு போகிற செபம் அது. அன்றைக்கு "கடன்களை" என்ற இடத்தில் அப்பாவின் குரல் நின்றுவிட்டது. அம்மாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை. செபம் பாதியிலேயே முடிந்தது. பிறகு இரண்டு பேரும் என்னுடைய பழைய கொப்பி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினார்கள்: அப்பாவின் சம்பளம், அரிசி, மண்ணெண்ணெய், அடைவு வட்டி. அடுத்த வருடம் தவக்காலம் முடிவதற்குள் காப்பு திரும்பி வந்தது. கொப்பி எழுதுவது மட்டும் நிற்கவில்லை. மாதத்தில் ஒரு நாள், செபம் முடிந்த கையோடு, அதே மேசையில்.

நான் உங்களுக்குச் சொல்ல வருவதும் அதுதான். நம் வீடுகளில் செபம் ஹோலில் நடக்கிறது, கடன் புத்தகம் அலுமாரிக்குள் சேலைக்குக் கீழே கிடக்கிறது. இரண்டும் ஒரு மேசைக்கு வரவேண்டும். வராதவரைக்கும் போன் கொடுப்பதா வேண்டாமா, மண்டபமா வீடா என்று தனித்தனியே மல்லுக்கட்டிக் களைத்துப்போவீர்கள்.

முதலில் அந்த லோனைப் பார்ப்போம். 60,000 ரூபா எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். வருடத்துக்கு 24 வீதம் என்கிறார்கள். 52 கிழமையில் கட்டவேண்டும். வட்டி 14,400, மொத்தம் 74,400, கிழமைக்கு ஏறக்குறைய 1,431 ரூபா. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஆறு மாதத்தில் நீங்கள் எடுத்த முதல் தொகையில் பாதியளவு திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். உங்கள் கையில் நிற்பது சுமார் 30,000தான். வட்டியோ கடைசிக் கிழமை வரைக்கும் முழு 60,000க்கும் ஓடுகிறது. குறைகிற நிலுவைக்குக் கணக்குப் பார்த்தால் அந்த 24 வீதம் உண்மையில் 44 வீதத்துக்குக் கிட்ட வரும். லோன் தருகிறவர் வீட்டுக்கு வந்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: "இது நிலையான வட்டியா, குறைந்து செல்லும் நிலுவைக்கான வட்டியா?" அவர் முகத்தைப் பார்த்தே பாதி விளங்கும். இரண்டு லோனில் எதற்கு உண்மையான வட்டி கூடவோ அதை முதலில் முடியுங்கள். ஒன்றைக் கட்ட இன்னொன்று எடுப்பதை மட்டும் இன்றோடு விடுங்கள். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில், நம் மாவட்டமும் சேர்த்து, தவணை தவறிய பெண்களின் ஒரு லட்சம் ரூபா வரைக்குமான நுண்கடன்களை அரசு தள்ளுபடி செய்தது. அப்படி ஒன்று மறுபடி வருமென்று சிலர் காத்திருக்கிறார்கள். அதை நம்பித் தவணை தவறவிடாதீர்கள். குழுவில் உங்கள் பக்கத்தில் இருக்கிற பெண்தான் உங்கள் பங்கையும் கட்டவேண்டி வரும்.

வேதாகமத்தில் உங்கள் கதையே இருக்கிறது. 2 இராஜாக்கள் நாலாம் அதிகாரம். கணவனை இழந்த ஒரு பெண். கடன் கொடுத்தவன் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொண்டுபோக வருகிறான். எலிசா தீர்க்கதரிசி, நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்று கேட்ட கையோடு அவளிடம் கேட்பது, "வீட்டில் உன்னிடத்தில் என்ன இருக்கிறது, சொல்" என்பதுதான். ஒரு குடம் எண்ணெய் இருந்தது. அடுத்து, அயல்வீட்டுக்காரர் எல்லோரிடமும் போய் வெறும் பாத்திரம் இரவல் வாங்கச் சொல்கிறார். இந்த இடத்தை நாம் வேகமாகக் கடந்துபோகிறோம். எண்ணெய் பெருகின அற்புதத்தைத்தான் பிரசங்கிப்போம். ஆனால் அதற்கு முன்னால் அந்தப் பெண் ஒவ்வொரு படலையிலும் நின்று வெறுஞ்சட்டி கேட்க வேண்டியிருந்தது. அவளுக்குக் கஷ்டம் என்பது தெருவுக்கே தெரிந்துபோயிருக்கும். எண்ணெய் வந்த பிறகும், விற்றுக் கடனைத் தீர், மீதியில் பிள்ளைகளோடு சீவி என்றுதான் சொல்லப்படுகிறது. கடன் முதலில், மற்றது பிறகு.

இனி வீடு. மகள், நம் பகுதி வழக்கம் வேறு ஊர்க்காரருக்கு விளங்காது. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுவார். கத்தோலிக்கர், மெதடிஸ்த, சைவர், முஸ்லிம் என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே வழக்கம். அதில் நல்லதும் உண்டு. தன் பெயரில் கூரை இருக்கிற பெண்ணை யாரும் லேசில் வெளியே போ என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரு காலத்தில் வீடு என்றால் இரண்டு அறை, ஒரு விறாந்தை, கிணறு. இப்போது டைல்ஸ், உள்ளே குளியலறை, முன்னால் பெரிய கேட். இரண்டு பெண் பிள்ளை என்றால் இரண்டு வீடு. அதைக் கட்டத்தான் தகப்பன் கத்தாருக்குப் போகிறார், சில வீடுகளில் தாய் குவைத்துக்குப் போகிறார். வீட்டுக்காகவே வீட்டுக்காரர் வீட்டில் இல்லை.

லூக்கா 14இல் ஆண்டவர் சொல்லுகிறார்: கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கமாட்டானா, அத்திபாரம் போட்டுவிட்டு முடிக்க ஏலாமல் நின்றால் காண்கிறவர்கள் சிரிக்கமாட்டார்களா என்று. கல்லடியிலிருந்து உங்கள் பக்கம் பஸ்ஸில் வரும்போது யன்னலால் பாருங்கள். கம்பி நீட்டிக்கொண்டு, கல்லில் பாசி பிடித்து நிற்கிற அரைச் சுவர்கள் எத்தனை! 2022இல் பணவீக்கம் 70 வீதத்தைத் தொடப்போன மாதங்களில் நின்றுபோனவையும் அவற்றில் இருக்கும். நான் அவற்றைப் பார்த்துச் சிரிக்கிறவன் அல்ல. அதில் சிலதுக்குக் கடன் விண்ணப்பம் எழுதியதே நான்தான். உங்களுடையது லிண்டலில் நிற்கட்டும். பெண்ணுக்கு 14 வயதுதான். லோன் எடுத்துச் சுவர் உயர்த்தவேண்டாம். கத்தார்க் காசு வருகிறபோது ஒரு அறைக்கும் குசினிக்கும் மட்டும் கூரை போட்டு மூடுங்கள். தகரமோ சீற்றோ, மூடிய அறை வீடுதான், மூடாத மாளிகைதான் வீடில்லை. மூத்தவளிடம் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள்: படி, உழை, மற்ற அறையை நீ கட்டு என்று. கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசித்துத் தடை இருந்தால் சொல்லச் சொல்கிறோம். பெண் வீட்டாரை எவ்வளவு கடனில் தள்ளிவிட்டு மாப்பிள்ளை வருகிறார் என்பதை ஒருவரும் தடையாக எடுப்பதில்லை. எடுக்கவேண்டும் என்பது என் கட்சி.

புதுநன்மைக்கு வருவோம். ஒரு காலத்தில் பிள்ளைகள் பன்னிரண்டு, பதினாலு வயது வரைக்கும் அதற்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. 1910இல் பத்தாம் பத்திநாதர் பாப்பரசர்தான் வயதைக் குறைத்தார். சாதாரண அப்பத்துக்கும் இந்த அப்பத்துக்கும் வித்தியாசம் தெரிந்தால் போதும், ஏழு வயதளவில் கொடுக்கலாம் என்றார். அப்படிக் குழந்தைகளுக்காகத் திறந்த கதவை நாம் மண்டப வாடகை, ட்ரோன் கமரா, மூன்று தட்டு கேக் என்று வைத்து மறுபடி மறித்துவிட்டோம். "நீங்கள் அப்பமல்லாததற்காகப் பணத்தையும், திருப்திசெய்யாத பொருளுக்காக உங்கள் பிரயாசத்தையும் செலவழிப்பானேன்?" என்று ஏசாயா 55இல் ஆண்டவர் கேட்கிறார். புதுநன்மை வீட்டில் வாசிக்க இதைவிடப் பொருத்தமான வசனம் எனக்குத் தெரியாது, கடைசியாகப் போன மூன்று வீட்டிலும் யாரும் வாசிக்கவில்லை.

அதற்காகக் கொண்டாடவேண்டாம் என்று சொல்ல நான் யார்? கானாவூர்க் கலியாணத்தில் இரசம் முடிந்தபோது "நல்லது, சிக்கனம்" என்று ஆண்டவர் சொல்லவில்லையே. கொண்டாடுங்கள், வீட்டில். வெள்ளைச் சட்டையைப் போன வருடம் புதுநன்மை எடுத்த பிள்ளையின் தாயிடம் கேளுங்கள். அலுமாரியில் மடித்துத்தான் வைத்திருப்பார், கேட்டால் சந்தோஷப்படுவார். உங்கள் பிள்ளைக்குப் பிறகு இன்னொரு பிள்ளைக்குக் கொடுங்கள். கோழிக்கறி, மஞ்சள் சோறு, ஒரு பெரிய முட்டி தயிர். சொந்தக்காரரிடம் நீங்களே முந்திக்கொண்டு, "மாமி, இந்தமுறை வீட்டிலதான், பாயாசம் உங்கட கையால" என்று சொல்லிவிடுங்கள். பொறுப்புக் கொடுத்த மாமி விமர்சனம் செய்யமாட்டார். இது முப்பது வருட அனுபவம். அன்றைக்குப் பிள்ளை தன் கையாலேயே ஒரு சாப்பாட்டுப் பார்சலைத் தெருவில் தனியாக இருக்கிற ஒரு கிழவிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். எந்தக் கமராவும் இல்லாமல்.

ஒரு இடத்தில் உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருந்தது: பக்கத்து வீட்டு அக்கா போகிற செபக்கூட்டத்தில், விசுவாசம் இருந்தால் ஆண்டவர் வீடும் வாகனமும் தருவார், தராவிட்டால் விசுவாசத்தில் குறை என்கிறார்களாம். அந்தக் கூட்டத்தில் அழுது ஆறுதல் பெற்று வருகிறவர்களை நான் குறைசொல்லமாட்டேன். சுனாமிக்கும் சண்டைக்கும் பிறகு நம் ஊரில் ஆறுதல் தேடாதவர் யார்? ஆனால் அந்தப் படிப்பினை தவறு. அது உண்மையென்றால் தலைசாய்க்க இடமில்லாமல் திரிந்த ஆண்டவருக்கே விசுவாசம் குறைவென்று ஆகும்.

மெதடிஸ்த சபையின் மூலவர் ஜோன் வெஸ்லி இதற்கு நேர்மாறாக வாழ்ந்தவர். ஒக்ஸ்போர்டில் இருந்த ஒரு இளைஞரைப் பற்றி அவர் சொன்ன கணக்கு பிரபலம். அது அவரே என்றுதான் பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். முதல் வருடம் வருமானம் 30 பவுண். 28இல் சீவித்து 2 கொடுத்தார். அடுத்த வருடம் 60 வந்தது. அப்போதும் 28, கொடுத்தது 32. மூன்றாம் வருடம் 90, அப்போதும் 28தான். அவருடைய வழியில் வந்த வில்லியம் ஓல்ட் 1814இல் மட்டக்களப்பில் இறங்கினார். ஒரு வருடம் முடியுமுன்பே 1815இல் இங்கேயே இறந்துபோனார், இளம் வயது. அவர் தொடங்கிய பள்ளிக்கூடம்தான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. சொத்துத்தான் ஆசீர்வாதத்தின் அளவுகோல் என்றால் அந்த மனுஷனை எந்தத் தராசில் வைப்பது?

வெஸ்லியின் 28 எனக்குப் பிடித்தது வேறொரு காரணத்துக்காக. அவர் வருமானத்துக்கு எல்லை வைக்கவில்லை, செலவுக்கு வைத்தார். கத்தாரில் சம்பளம் கூடும்போது நம் வீடுகளில் முதலில் கூடுவது தவணை. உங்கள் வீட்டின் 28 எவ்வளவு என்று நீங்களும் கணவரும் ஒரு தொகை எழுதுங்கள். பிள்ளைகளுக்கும் அந்தத் தொகை தெரியட்டும்.

போன் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. தகப்பன் கடலுக்கு அப்பால் இருக்கிறபோது போன் ஆடம்பரம் இல்லை, அவருடைய முகம் அதில்தான் தெரிகிறது. வீட்டுக்கு ஒரு போன், ஹோலில், இரவு ஒன்பதுக்குப் பிறகு சார்ஜரில். அவளுக்கென்று தனியாக வேண்டாம், தவணையில் வேண்டவே வேண்டாம். வகுப்பில் எல்லோரிடமும் இருக்கிறது என்பாள். கொப்பியைக் காட்டுங்கள். கணக்குத் தெரிந்த பிள்ளை கோபப்படும், ஆனால் தன்னை ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்காது. "வேண்டாம்" என்று சொன்னதற்காகக் கோயிலை வெறுத்த பிள்ளைகளை நான் அதிகம் காணவில்லை. கோயிலில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று நடந்ததற்காக வெறுத்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ரியூசனும் அப்படித்தான். புலமைப்பரிசில் வருடம் வந்தால் பூசையும் மறைக்கல்வியும் முதலில் வெட்டுப்படுகின்றன. ரியூசனும் நாம் காசு கொடுத்து வாங்குகிற சாமான்தான் என்பதை மறந்துவிடுகிறோம், படிப்பு என்ற பெயர் இருப்பதால். ஞாயிறு மத்தியானம் வரைக்கும் எதையும் வாங்குவதில்லை என்று ஒரு வீடு முடிவெடுத்தால் அதற்குள் ரியூசனும் அடங்கும்.

கடைசியாக, நீங்கள் கேட்காமல் கேட்டது: இரண்டாவது லோனை அவரிடம் சொல்வதா? சொல்லுங்கள். கத்தாரில் வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்றைக்குச் சொல்லுங்கள். வேலை முடிந்து களைத்து வந்த இரவில் வேண்டாம். பிள்ளைகள் பக்கத்தில் இல்லாத நேரம். இரண்டு புத்தகத்தையும், பிரிட்ஜ் தவணை அட்டையையும், கல்குலேட்டரையும் மேசையில் வைத்துக்கொண்டு கோல் எடுங்கள். முதலில் தொகையைச் சொல்லுங்கள், பிறகு காரணத்தை. மாற்றிச் சொன்னால் காரணம் சாக்காகிவிடும். அவர் கொஞ்ச நேரம் பேசமாட்டார். கோல் அறுந்துவிட்டது என்று நினைத்து வைத்துவிடாதீர்கள்.